குரும்பகரம்: டிவி வாங்கும் முன் மாடியைப் பாருங்கள்!

காரைக்காலிலிருந்து நெடுங்காடு பக்கமாகப் போய்க் குரும்பகரத்துக்குள் நுழையும்போது கண்ணைத் தெருவில் வைக்காமல் மாடிகளில் வைத்துக்கொண்டு போக வேண்டும். எந்த வீட்டுக்கு எந்தக் காலத்தில் டிவி வந்தது என்று மாடியே சொல்லிவிடும். துருப்பிடித்த இரும்புக் குழாய் ஒன்று வானத்தைப் பார்த்துத் தனியாக நிற்கிறதா? அது ஆன்டெனா காலத்து வீடு. மின்கம்பத்திலிருந்து கறுப்பு ஒயர் தொய்ந்து ஜன்னலுக்குள் போகிறதா? கேபிள் வீடு. கைப்பிடிச் சுவரில் வட்டமாக ஒரு தட்டு இருந்தால் டிஷ். நூல் மாதிரி மெல்லிய ஒயர் வந்தால் ஃபைபர். சில வீடுகளில் நான்கும் இருக்கும். வேலை செய்வது ஒன்றுதான்.

புது டிவி வாங்கப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மாடியை மறந்துவிடுகிறார்கள். கடைக்குப் போனதும் 32 இன்ச்சா, 43 இன்ச்சா என்றுதான் பேச்சு. பெட்டிக்குள் படம் எந்த வழியாக வரப்போகிறது என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசிக்கிறார்கள். எந்த ஊருக்கும் இது பொருந்தும். ஆனால் குரும்பகரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும். அதற்குக் காரணம் இந்த ஊர் இருக்கும் இடம்.

வரைபடத்தை விரித்துப் பாருங்கள். புதுச்சேரி ஓரிடத்தில் இருக்கிறது. அதிலிருந்து 130 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்களுக்கு நடுவில், கடலோரத்தில் ஒரு சின்னத் துண்டாகக் காரைக்கால். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அந்தத் துண்டின் உள்பக்கத்தில், நெடுங்காடு கொம்யூனில் இருக்கிறது குரும்பகரம். சுற்றிலும் நெல், வாய்க்கால், தென்னை. கொஞ்ச தூரம் வண்டி ஓட்டினால் தமிழ்நாடு. பேச்சு ஒன்று, சாப்பாடு ஒன்று, பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லைக்கு இரண்டு பக்கமும்தான். வெளியூர்க்காரர்களுக்கு இந்த எல்லை என்றால் மதுக்கடை ஞாபகம் வரும். உள்ளூர்க்காரர்களுக்கோ ரேஷன் அட்டை, பஸ் கட்டணம், பள்ளி விடுமுறை என்று ஆயிரம் ஞாபகங்கள். டிவியும் அதில் ஒன்று.

டிவி முதன்முதலில் இந்தக் கடலோரத்துக்கு வந்தபோது எல்லை பெரிதாகக் குறுக்கே நிற்கவில்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. ஆனால் சென்னை நேர்கோட்டிலேயே ஏறக்குறைய 240 கிலோமீட்டர். அந்த அலை இங்கே எட்டுமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. 1982 பிப்ரவரி 15-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபோதுதான் டெல்டாக் கடலோரத்தின் மாடிகளில் குழாய்கள் உயர ஆரம்பித்தன. வட இலங்கையில் கொக்காவிலில் ஒரு ஒளிபரப்புக் கோபுரம் இருந்தது. காரைக்காலிலிருந்து அது 200 கிலோமீட்டருக்குள். நடுவில் மலை கிடையாது, கடலும் சமதரையும்தான். கோடையில் கடல்மேல் சூடான காற்று அடுக்கு படியும்போது டிவி அலைகள் அந்த அடுக்குக்குள் சிக்கி, வழக்கத்தைவிட வெகுதூரம் போகும். அதனால்தான் சித்திரை, வைகாசி இரவுகளில் திடீரென்று படம் கண்ணாடி மாதிரி தெரியும். மழைக்காலத்தில் வெறும் பூச்சி பறக்கும்.

அந்தக் காலத்து டிவி பார்ப்பதற்குக் குறைந்தது மூன்று பேர் வேண்டும். மாடியில் குழாயைத் திருப்ப ஒருவர், பெட்டிக்கு முன்னால் ஒருவர், நடுவில் ஜன்னலோரம் நின்று கத்த ஒருவர்.

"தெரியுதாடா?"

"இல்ல சித்தப்பா, இன்னும் கொஞ்சம் தெக்கால!"

"இப்ப?"

"வந்துடுச்சு... வந்துடுச்சு... ஐயோ, போயிடுச்சு!"

பெட்டிக்கு முன்னால் தெருவே உட்கார்ந்திருக்கும். சிங்களம் புரியாவிட்டாலும் கிரிக்கெட் புரியும். தமிழ் நிகழ்ச்சி வந்தால் கேட்கவே வேண்டாம். 1990-ல் நடந்த போரில் கொக்காவில் கோபுரம் அழிந்தது. அங்கே புதுக் கோபுரம் எழுந்தது 2011-ல். அதற்குள் இந்தப் பக்கத்து மாடிகளில் குழாய்கள் துருப்பிடித்துவிட்டன. இப்போது பல வீடுகளில் அவை துணி காயப்போடும் கொடிக்கம்பி கட்டத்தான் உதவுகின்றன.

காரைக்காலுக்கே உரிய இன்னொரு சங்கடமும் அந்தக் காலத்தில் இருந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் உண்டு. பிரான்சில் அப்போது டிவிக்கு 'செகாம்' முறை. இந்தியாவிலும் இலங்கையிலும் 'பால்' முறை. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. பாரிஸிலிருந்து ஆசையாகக் கொண்டுவரும் பெட்டி, இங்கே மல்டி சிஸ்டமாக இல்லாவிட்டால், அலங்காரப் பொருள்தான். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வந்த பெட்டிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை, அங்கேயும் 'பால்'தான். இப்போதைய டிவிகளில் எச்.டி.எம்.ஐ. துளை இருப்பதால் இந்தப் பேதமெல்லாம் போய்விட்டது. ஆனால் வெளிநாட்டிலிருந்து டிவி தூக்கிவரும் வழக்கமும் குறைந்துவிட்டது. 2013 ஆகஸ்ட் 26 முதல் விமானத்தில் வருபவர்களுக்குத் தட்டைத் திரை டிவிக்கான சுங்கச் சலுகையை மத்திய அரசு எடுத்துவிட்டது. வாரன்டியும் இங்கே செல்லாதென்றால் யார் சுமந்து வருவார்கள்?

பிறகு கேபிள் வந்தது. 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி. மாடியில் ஏறிக் கத்த வேண்டிய வேலை போய், மாதம் ஒரு முறை கேபிள்காரத் தம்பியிடம் காசு கொடுக்கும் வேலை வந்தது. அங்கேதான் எல்லைக்கோடு மறுபடி தலைகாட்டியது.

தமிழ்நாட்டில் 2006-ல் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் வந்தது. அது தமிழ்நாட்டு ரேஷன் அட்டைக்கு. 2011 செப்டம்பர் 2-ல் அரசு கேபிள் டிவி மறுபடி தொடங்கப்பட்டபோது மாதம் 70 ரூபாய்க்கு 90 சேனல் என்றார்கள். அதுவும் தமிழ்நாட்டுக்கு. 2017-ல் அரசு கேபிளின் செட்டாப் பாக்ஸ் இலவசமாக வந்தது. அதுவும் அப்படித்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் அக்கா வீட்டில் ஒரு கட்டணம், இந்தப் பக்கம் தங்கை வீட்டில் வேறு கட்டணம். இத்தனைக்கும் செல்போன் விஷயத்தில் காரைக்கால் தமிழ்நாடு தொலைத்தொடர்பு வட்டத்துக்குள்தான் இருக்கிறது. போன் பேசினால் ஒரே வட்டம், டிவி பார்த்தால் வேறு வேறு. இதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. மாநில அரசின் நிறுவனம் மாநிலத்துக்குள்தான் ஒயர் இழுக்கும்.

கடைக்குப் போவதற்கு முன்பே குரும்பகரத்துக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். மயிலாடுதுறையில் இருக்கும் மச்சான் "எங்க வீட்ல இந்த பாக்ஸ்தான், சூப்பரா இருக்கு" என்று சொன்னால், அந்தப் பாக்ஸ் உங்கள் தெருவுக்கு வருமா என்று முதலில் கேளுங்கள்.

இந்த ஊரில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அறுவடைப் பணம் கையில் இருக்கிறது. பழைய குண்டு டிவிக்கு ஓய்வு கொடுத்தாயிற்று. மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். 55 இன்ச் 4கே என்கிறான். அப்பாவுக்குச் செய்தியும் பழைய படமும் போதும். அப்பாயிக்குச் சாயங்கால சீரியல். அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: "பெரிசா வாங்கினா படம் தெளிவா வருமா?"

அந்தக் கேள்விதான் சரியான கேள்வி. பதில்: வராது, வழியும் எச்.டி.யாக இருந்தால் ஒழிய.

சாதாரண சேனல் ஒன்றின் படம் 720-க்கு 576 புள்ளிகளால் ஆனது. முழு எச்.டி. படம் 1920-க்கு 1080. பெருக்கிப் பார்த்தால் சரியாக ஐந்து மடங்கு. சாதாரணப் படத்தைப் பெரிய திரையில் போட்டால் இருக்கிற புள்ளிகளையே இழுத்து நிரப்ப வேண்டும். 21 இன்ச் குண்டு டிவியில் தெரியாத மங்கல், 43 இன்ச்சில் பளிச்சென்று தெரியும். "புது டிவியில படம் பழசைவிட மோசமா இருக்கே" என்று பலர் கடைக்காரரோடு சண்டைக்குப் போவது இதனால்தான். பாவம், கடைக்காரர்.

ஆகவே நான்கு இடத்தில் எச்.டி. இருக்க வேண்டும்: டிவி, செட்டாப் பாக்ஸ், பாக்ஸையும் டிவியையும் இணைக்கும் ஒயர், பார்க்கும் சேனல். ஒன்று குறைந்தாலும் போச்சு. பெரும்பாலும் கோட்டை விடுவது ஒயரில். பழைய பாக்ஸோடு வந்த மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரையே புது டிவியிலும் செருகிவிடுவார்கள். அந்த மஞ்சள் ஒயரில் எச்.டி. படம் போகவே போகாது. எச்.டி.எம்.ஐ. ஒயர்தான் வேண்டும். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சில சாதாரண பாக்ஸ்களிலும் எச்.டி.எம்.ஐ. துளை இருக்கும், ரிமோட்டில் தகவல் பட்டனை அழுத்தினால் டிவியும் 1080 என்று காட்டும். அது பாக்ஸ் ஊதிப் பெருக்கிக் கொடுக்கும் கணக்கு. சேனல் எச்.டி.தானா என்று பார்க்க, அதே சேனலின் சாதாரண எண்ணையும் எச்.டி. எண்ணையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். திரையின் கீழே ஓடும் எழுத்துகளின் விளிம்பைக் கவனித்தால் வித்தியாசம் உடனே புரியும்.

2019 பிப்ரவரியில் டிராய் கொண்டுவந்த விதிகளுக்குப் பிறகு சேனல்களைத் தனித்தனியாகவும் தேர்ந்தெடுக்கலாம். ஒரே சேனலின் சாதாரண வடிவத்துக்கும் எச்.டி. வடிவத்துக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டிய அவசியமே இல்லை. மாத பில்லை ஒரு முறை உட்கார்ந்து படித்தால் இப்படி இரண்டு மூன்று கண்ணில் படும். அப்பாயி பார்க்கும் இரண்டு சேனலையும் மகன் பார்க்கும் கிரிக்கெட்டையும் மட்டும் எச்.டி.யில் வைத்துக்கொண்டு, மற்றதைச் சாதாரணமாக விட்டாலே பாதிக் குடும்பங்களுக்குப் போதும்.

இப்போது 55 இன்ச் விஷயம். டெல்டாப் பக்கத்து வீடுகளில் கூடம் நீளமானது. டிவிக்கும் உட்காரும் இடத்துக்கும் பத்தடி தூரமாவது இருக்கும். நல்ல பார்வை உள்ளவருக்கும் ஓர் அளவுக்குக் கீழே புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியாது. அந்தக் கணக்குப்படி 43 இன்ச் டிவியில் முழு எச்.டி.க்கும் 4கே-க்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமானால் ஐந்தரை அடிக்குள் உட்கார வேண்டும். 55 இன்ச்சில் ஏழடிக்குள். 32 இன்ச்சில் 'எச்.டி. ரெடி' என்று விற்பதற்கும் முழு எச்.டி.க்கும் உள்ள வித்தியாசம்கூட ஆறடி தாண்டினால் மறைந்துவிடும். பத்தடி தள்ளி உட்காருகிறவர் 4கே-க்கென்று கூடுதல் பணம் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியாத பொருளுக்குக் கொடுக்கிறார் என்றுதான் அர்த்தம். பெரிய டிவிகளில் இப்போது 4கே இல்லாமல் கிடைப்பது அரிது என்பது வேறு விஷயம். கிடைத்தால் வாங்குங்கள், அதற்காகவே ஏங்க வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல ஸ்பீக்கர் ஒன்று வாங்கினால் அப்பாயிக்கு வசனம் கேட்கும். மெல்லிய டிவிகள் எல்லாவற்றுக்கும் குரல் கம்மி.

அளவைத் தீர்மானிப்பதில் வரியும் ஒரு காலத்தில் புகுந்து விளையாடியது. 2019 ஜனவரி முதல் 32 இன்ச் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 28 சதவீதம் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22-லிருந்து எல்லா அளவுக்கும் 18 சதவீதம்தான். அதற்கு முன்பு, ஜி.எஸ்.டி.யே வராத காலத்தில், விற்பனை வரி குறைவு என்று தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து புதுச்சேரி, காரைக்கால் கடைகளுக்கு வந்து டிவி வாங்கிப்போனவர்கள் உண்டு. இப்போது அந்த லாபமும் இல்லை. எங்கே சர்வீஸ் கிடைக்குமோ அங்கே வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

சரி, வழி? கேபிளா, டிஷ்ஷா, ஃபைபரா?

டிஷ்ஷைப் பொறுத்தவரை இந்த ஊருக்கு வானம் சாதகம், காற்று பாதகம். தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் வரும் செயற்கைக்கோள், குரும்பகரத்திலிருந்து பார்த்தால் தென்கிழக்கில் ஏறக்குறைய 70 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட தலைக்கு மேலே இருக்கிறது. அதனால் தெருமுனைத் தென்னைமரம் மறைக்காது. வீட்டை ஒட்டி, தட்டிலிருந்து பத்தடிக்குள் தென்கிழக்கில் நிற்கும் மரம்தான் தொல்லை. மட்டை ஆடும்போதெல்லாம் படம் உறையும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது எந்த டிஷ்ஷானாலும் சில நிமிடம் படம் போகும். அந்த அலைவரிசைக்குக் கனமழை ஆகாது. உப்புக் காற்றில் நட்டும் போல்ட்டும் சீக்கிரம் துருவேறும். வருஷத்துக்கு ஒரு முறை, மழைக்கு முன்பு, மாடியேறிப் பார்த்து முடுக்கிவிட வேண்டும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்ததே, அந்த மாதிரி இரவுக்கு எந்த முடுக்கமும் தாங்காது. அன்றைக்கு டிவியை மறந்துவிட்டு, பேட்டரி ரேடியோவில் காரைக்கால் வானொலியை 100.3-ல் கேட்டால் போதும்.

ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணமே இல்லை. ஆனால் தமிழில் டிடி தமிழைத் தாண்டிப் பெரிதாக எதிர்பார்க்கக் கூடாது. தனியார் சீரியல் இல்லாமல் அப்பாயி சம்மதிக்க மாட்டார். செய்திக்கும் பழைய பாட்டுக்கும் இரண்டாவது டிவியாக வைத்துக்கொள்ள அது அருமை. கட்டண டிஷ்ஷில் எச்.டி. சேனல்கள் நிறைய, இன்வர்ட்டர் இருக்கும் வீட்டில் கரண்ட் போனாலும் ஓடும்.

கேபிளில் அது முடியாது. உங்கள் வீட்டில் இன்வர்ட்டர் இருந்தாலும், தெருவில் கம்பத்தில் தொங்கும் பெருக்கிக்குக் கரண்ட் இல்லாவிட்டால் படம் வராது. காரைக்காலுக்கென்றே திருமலைராயன்பட்டினம் போலகத்தில் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் 2000-லிருந்து இருக்கிறது என்பது உண்மை. அதற்காகக் கடைசிக் கம்பத்து வீட்டில் மின்னழுத்தம் ஏறி இறங்காது என்று சொல்ல முடியுமா? டிவியின் பின்னால் 100 முதல் 240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் ஸ்டெபிலைசர் அவ்வளவு அவசியமில்லை. நல்ல எர்த்தும், இடி இடிக்கும்போது பிளக்கையும் ஆன்டெனா ஒயரையும் கழற்றிவைக்கும் பழக்கமும்தான் அவசியம்.

இத்தனை குறைகளைச் சொல்லியும் கேபிளை இந்த ஊர்ப்பக்கத்தில் பலர் விடாமல் வைத்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஆனி மாதம் காரைக்கால் அம்மையார் கோயில் மாங்கனித் திருவிழா; பிட்சாடனர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள். திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி, 2023 டிசம்பர் 20-ல் ஊரே திணறியது அல்லவா? முட்டிவலியோடு அந்தக் கூட்டத்துக்குள் போக முடியாத பெரியவர்கள் எத்தனை பேர்! சென்னைச் சேனல் அதைக் காட்டினால் இரண்டு நிமிடம் காட்டும். புதுச்சேரிச் செய்தி என்றாலே பாதிக்குப் பாதி புதுச்சேரி நகரம்தான். கோயில் வாசலில் கேமராவை வைத்து மணிக்கணக்கில் காட்டுவது உள்ளூர் கேபிள் சேனலின் வேலை. பக்கத்துத் தெருப் பையன் மாங்கனி பிடிக்கத் தாவுவதை அதில் பார்க்கலாம். எந்த டிஷ்ஷிலும் அந்தச் சேனல் கிடைக்காது.

படம் எச்.டி.யாகவே இருக்காது, சில சமயம் கொஞ்சம் நடுங்கும். அப்பாயி அதைப் பற்றிக் குறை சொன்னதாக யாரும் கேள்விப்பட்டிருக்க முடியாது.

ஃபைபர் இந்த விஷயத்தை மெல்ல மாற்றிக்கொண்டிருக்கிறது. ஸ்மார்ட் டிவியும் இணைப்பும் இருந்தால் திருவிழாவை யூடியூபில் நேரலையாகப் பார்க்கலாம். வெளியூர் மகனும் அதே நேரத்தில் அங்கிருந்து பார்க்கலாம். பி.எஸ்.என்.எல். நிறுவனமும் 2024-ல் ஃபைபர் வழியே டிவி தர ஆரம்பித்தது. ஒளியிழைக்குக் கனமழையும் தெரியாது, உப்புக் காற்றும் தெரியாது. கம்பம் சாய்ந்தால் மட்டும்தான் போகும். ஆனால் ரிமோட்டில் அம்புக்குறியை நகர்த்தி எழுத்துத் தட்டித் தேடுவது எழுபது வயதுக்காரருக்குச் சுலபமில்லை. கேபிள் ரிமோட்டில் சேனல் எண்ணை அழுத்தினால் சீரியல் வந்துவிடும். வீட்டில் யார் அதிக நேரம் டிவி பார்க்கிறார்களோ அவர் கைக்கு எந்த ரிமோட் பழகுமோ, அதுவே அந்த வீட்டுக்கான வழி. வாங்கிக் கொடுப்பவர் ஆண்டுக்கு இரண்டு முறை ஊருக்கு வருகிறவர். பார்ப்பவர் தினமும் உட்காருகிறவர்.

ஆக, நாம் கற்பனை செய்த அந்த வீட்டுக்கு ஒரு யோசனை. கேபிளை வைத்துக்கொள்ளட்டும், பாக்ஸை மட்டும் எச்.டி. பாக்ஸாக மாற்றித் தர முடியுமா, மாற்ற எவ்வளவு என்று முதலில் கேட்கட்டும். தெருவுக்கு ஃபைபர் வந்திருந்தால் அதையும் இழுத்துக்கொள்ளட்டும். டிவி 43 இன்ச் போதும். மகன் அடம்பிடித்தால் 50. கடைக்குப் போகும்போது வீட்டு செட்டாப் பாக்ஸைப் பையில் போட்டு எடுத்துப் போய், அதன் பின்பக்கத் துளைகளைக் கடைக்காரரிடம் காட்டுவது ரொம்ப நல்லது.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய கடைசி வேலை ஒன்று உண்டு. சில பழைய சேனல்களும் உள்ளூர்ச் சேனலும் இன்னும் சதுர வடிவப் படத்தையே அனுப்புகின்றன. புது டிவி அதை இருபக்கமும் இழுத்துத் திரையை நிரப்பும். சாமி முதல் சீரியல் மாமியார் வரை எல்லோரும் அகலமாகிவிடுவார்கள். ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றும் பட்டன் இருக்கும். அதில் 4:3 என்று வைத்தால் இருபக்கமும் கறுப்புப் பட்டை வந்து முகங்கள் சரியாகும். "ஏன் பாதி திரை கறுப்பா இருக்கு, இதுக்கா இவ்ளோ காசு?" என்று அப்பாயி கேட்டால், மறுபடி இழுத்தே வைத்துவிடுங்கள்.